மணிமுத்தாற்றில் போட்ட பொன்

(விருத்தாசலத்தில் நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரயிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முப்பது வருஷம் கார்டாக ஓடியவன் வேறு எதைப் பேசப்போகிறான் என்று நினைத்திருக்கலாம். நான் பேச நினைப்பது கையில் அடங்குகிற ரயிலைப் பற்றி, அதாவது மாடல் ரயில்களைப் பற்றி. அதிலும் குறிப்பாக, அவை தொலைந்துபோவதைப் பற்றியும் தொலையாமல் காப்பதைப் பற்றியும். உங்கள் வீட்டில் மாடல் ரயில் இல்லாமல் இருக்கலாம். பாட்டி சேர்த்த கொலு பொம்மைகள் இருக்கும், தாத்தா வைத்துவிட்டுப் போன நாணயங்களோ தபால் தலைகளோ இருக்கும். நான் சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

நம் ஊர்க் கதையிலிருந்து தொடங்குகிறேன். அந்நாளில் திருமுதுகுன்றம் என்றிருந்த நம் ஊருக்கு வந்த சுந்தரருக்குப் பழமலைநாதர் 12,000 பொன் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்றார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சே அதிலிருந்து வந்ததென்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆற்றில் போடுவதற்கு முன் சுந்தரர் ஒரு காரியம் செய்தார். அந்தப் பொன்னில் ஒரு சிறு துண்டை வெட்டித் தன்னிடம் வைத்துக்கொண்டார். அதற்கு மச்சம் என்று பெயர். பிறகு திருவாரூரில் பொன் கிடைத்தபோது மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார்கள், மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடினார், மாற்று சரியாயிற்று. கொடுத்தவர் கடவுள், வாங்கியவர் அவருடைய தோழர். அப்படிப்பட்ட இடத்திலேயே மச்சம் தேவைப்பட்டிருக்கிறது. அது கையில் இல்லாமல் இருந்திருந்தால் குறைந்த மாற்றை எதைக் காட்டிக் கேட்டிருப்பார்?

இது எனக்கு 2011 டிசம்பருக்குப் பிறகுதான் புரிந்தது.

என்னிடம் என்ன இருந்தது என்று முதலில் சொல்கிறேன். சேலம் பாதையிலும் கடலூர் பாதையிலும் மீட்டர்கேஜ் வண்டி ஓடிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். ஆத்தூர், சின்னசேலம் ஒரு பக்கம். நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி இன்னொரு பக்கம். வேலையில்லாத நாட்களில் தகரத்திலும் தேக்குச் சட்டத்திலும் பித்தளைத் தகட்டிலும் வண்டிகள் செய்வேன். ஒய்.பி. நீராவி எஞ்சின், ஒய்.டி.எம்.4 டீசல், பிரேக் வேன், உப்பு வேகன். சில வெளிநாட்டு எஞ்சின்கள் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. மூன்று நான்கு மட்டும் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் வாங்கியவை. 1985ல் அந்த மார்க்கெட் எரிந்துபோவதற்கு முன்னால்.

கடையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே, ஏன் கையால் செய்கிறாய் என்று கேட்பார்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உலகத்தில் அதிகம் விற்கிற மாடல் ரயில் எச்.ஓ. அளவு, நிஜ வண்டியில் 87ல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 87ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர் வரும். அது ஐரோப்பா, அமெரிக்காவின் பாதை. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அதே அளவில் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். நம் மீட்டர்கேஜ் பதினொன்றரை மில்லிமீட்டர்தான் வரும். இரண்டும் கடைத் தண்டவாளத்தில் உட்காராது. நம் ஊர் வண்டியை அளவு பிசகாமல் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவன் அதைத் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. தானே செய்த பொருளுக்குப் பில் கிடையாது, கடை விலை கிடையாது, தொலைந்தால் மாற்று கிடையாது. இன்சூரன்ஸ்காரர் கேட்கிற மூன்று கேள்விக்கும் நம்மிடம் பதில் இருக்காது என்பதற்கு இதுதான் காரணம்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். என் வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போட்ட அறை ஒன்று இருந்தது. வண்டிகள் அதில்தான் இருந்தன. ஷீட் பறந்தது. காலையில் நான் மேலே ஏறிப் பார்த்தபோது மேஜை கவிழ்ந்து கிடந்தது. ப்ளைவுட் பலகை ஊறிப் பாய் மாதிரி பிரிந்திருந்தது. நாற்பத்துமூன்று வண்டிகளில் பாதிக்கு மேல் நசுங்கியோ, மழைநீர் வடிகாலில் அடித்துக்கொண்டு போயோ இருந்தன.

வீட்டுக்கு பாலிசி இருந்தது. சர்வேயர் வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் பார்த்தார். "சார், இதெல்லாம் பேரப்பிள்ளைங்க விளையாடுறதா?" என்றார். விளக்கிச் சொன்னேன். "மொத்தம் எத்தனை இருந்துச்சு? ஒவ்வொண்ணும் என்ன மதிப்பு? பில் ஏதாச்சும் இருக்கா? போட்டோ?" என்று கேட்டார். மதிப்பு தெரியாது, பில் கிடையாது. போட்டோ என்று தேடியதில் கல்யாண ஆல்பத்தில் ஒரு மூலையில் ஒரு எஞ்சின் மங்கலாகத் தெரிந்தது. மேஜைக்கும் மின்விசிறிக்கும் ஷீட்டுக்கும் பணம் வந்தது. வண்டிகள் எல்லாம் சேர்ந்து 'பொம்மைகள்' என்று ஒரே வரியில் அடங்கிப்போயின. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆதாரம் இல்லாததை இருந்தது என்று எழுத அவரால் முடியாது, நானும் அதைக் கேட்கவில்லை. பணத்தைவிட என்னை வாட்டியது வேறொன்று. அடித்துக்கொண்டு போனவற்றில் இரண்டு வண்டிகள் எவை என்பது எனக்கே இன்றுவரை சரியாக நினைவில் இல்லை. என் கையால் செய்தவை அவை.

இதே ஊரில் இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று நடந்தது. பதிவு ஒன்று இருந்ததால் இழந்தது மீண்டது. விருத்தகிரீசுவரர் கோயில் கருவறைச் சுவர்க் கோஷ்டத்தில் இருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலையைத்தான் சொல்கிறேன். திருடப்பட்டுக் கடல் கடந்துபோன அந்தச் சிலையை 2004ல் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம், நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூரிடமிருந்து விலைகொடுத்து வாங்கியது. 1970லேயே டெல்லியில் ஒரு கடையில் விற்கப்பட்ட சிலை இது என்று அதற்கு ஒரு காகிதமும் காட்டினார்கள். காகிதத்தைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. 1955ல் தொடங்கியது. அதன் ஆட்கள் ஐம்பதுகளின் நடுவிலிருந்தே தமிழ்நாட்டுக் கோயில்களுக்குக் காமிராவோடு போய்ச் சிலை சிலையாகப் படம் எடுத்து, ஊர், கோயில், தேதி எழுதி அடுக்கிவைத்தார்கள். ஒரு லட்சத்து அறுபதாயிரம் படங்களுக்கு மேல் இருக்கிறது அந்த அடுக்கு. அதில் 1974ல் நம் கோயிலில் எடுத்த படம் ஒன்றில் அர்த்தநாரீசுவரர் தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். 1970ல் டெல்லியில் விற்கப்பட்ட சிலை 1974ல் விருத்தாசலத்துக் கோஷ்டத்தில் எப்படி நிற்கும்? அந்த ஒரு படத்தின் முன் அந்தக் காகிதம் நிற்கவில்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது, ஸ்ரீபுரந்தான் நடராசரோடு சேர்த்து இந்தச் சிலையையும் ஒப்படைத்தார். கான்பெராவில் இருந்த நம் கோயில் பிரத்தியங்கிரா சிலையும் 2016ல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கும் அதே புதுச்சேரிப் படங்களே சாட்சி. கபூர் 2011ல் ஜெர்மனியில் பிடிபட்டார். 2022ல் கும்பகோணம் நீதிமன்றம் வேறொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

அந்தப் படங்களை எடுத்தவர்கள் திருட்டை நினைத்து எடுக்கவில்லை. சிற்பக்கலையைப் படிக்க எடுத்தார்கள். ஆனாலும் நம் ஊர் சாமிக்கு அதுதான் மச்சம் ஆயிற்று. இன்னொன்றையும் கவனியுங்கள்: மச்சம் கோயிலில் இல்லை, நூறு கிலோமீட்டருக்குள் வேறொரு ஊரில் இருந்தது. பொருளும் பதிவும் ஒரே பெட்டியில் இருந்திருந்தால் இரண்டும் ஒன்றாகப் போயிருக்கும்.

புயலுக்குப் பிறகு நான் ஒரு நீள ரிஜிஸ்டர் வாங்கினேன். ரயில்வேயில் இது புதிதில்லை. ஒரு ஸ்டேஷனில் மேஜை, நாற்காலி, கைவிளக்கு, கொடி எல்லாம் இருப்புப் பதிவேட்டில் இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் மாற்றலாகிப் போகும்போது ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சார்ஜ் ஒப்படைப்பு முடியும். அந்த ஒழுங்கை வேலையில் வைத்திருந்த நான் வீட்டில் வைக்கவில்லை.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு எண். என்ன வண்டி, எந்த அளவு, எதனால் செய்தது, யார் செய்தது, எப்போது, எங்கிருந்து வந்தது, என்ன விலை. கையால் செய்ததானால் பொருள் செலவு எவ்வளவு, எத்தனை நாள் உழைப்பு. நான்கு பக்கமும் அடிப்பாகமும் பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து எடுத்த படம். இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அழகான பக்கத்தை மட்டும் படம் எடுக்காதீர்கள். பெயிண்ட் உதிர்ந்த இடம், வளைந்த படி, தவறாகப் பற்றவைத்த ஈயப்பொட்டு, இவற்றைத்தான் நெருக்கமாக எடுக்க வேண்டும். ஒரே அச்சில் ஆயிரம் எஞ்சின் வந்திருக்கும். உங்கள் எஞ்சினை உங்களுடையது என்று நிரூபிப்பது அதன் காயம்தான். சிலைகளை அடையாளம் காண்கிறவர்களும் மூக்கு நுனி உடைப்பையும் உளிக் கீறலையும்தான் முதலில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பதிவேட்டின் ஒரு நகல் திருச்சியில் என் தங்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது; படங்கள் மகளின் போனிலும் இருக்கின்றன.

இப்போது பாலிசிக்கு வருகிறேன். 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த்தொட்டி வெடிப்பு வரைக்கும் அதில் வரும். கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்குள், பட்டியல் இல்லாமலே சேர்ந்துவிடும். 30 லட்ச ரூபாய்க்கு வீட்டைக் காப்பீடு செய்தவருக்குச் சாமான்களுக்கு 6 லட்சம். நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல ஏற்பாடு இது, தயங்காமல் எடுங்கள்.

ஆனால் சேகரிப்பு வைத்திருப்பவர்கள் இரண்டு இடத்தில் நின்று படிக்க வேண்டும். நகை, ஓவியம், கலைப்பொருள், அரும்பொருள் போன்றவை அந்தப் பொதுத் தொகைக்குள் வராது. தனியாகப் பட்டியல் கொடுத்து, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் சேர்க்க வேண்டும். மாடல் ரயில் பொம்மையா, அரும்பொருளா? புயலுக்குப் பிறகு சர்வேயர் முன்னால் அந்த விவாதத்தை நடத்தாதீர்கள். பாலிசி எடுக்கும்போதே பட்டியலோடு கடிதம் கொடுத்து, எந்தத் தலைப்பில் எந்த மதிப்பில் சேர்த்திருக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது. இரண்டாவது, திருட்டு. இந்த பாலிசியில் திருட்டு வருவது புயல், தீ மாதிரி ஒன்று நடந்து, அதன் காரணமாக ஏழு நாளைக்குள் நடந்தால் மட்டும்தான். சாதாரண நாளில் பூட்டை உடைத்து எடுத்துக்கொண்டு போனால் அதற்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு சேர்த்திருக்க வேண்டும். அப்போதும் போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். கேட்பார்கள். எஃப்.ஐ.ஆர்.-இல் 'சில பொம்மைகள்' என்று எழுதவைத்துவிட்டு வந்தால் கதை முடிந்தது. பதிவேட்டு நகலைப் புகாரோடு இணையுங்கள்.

பாலிசி எந்தக் காலத்திலும் ஏற்காத இழப்பு ஒன்று உண்டு. மெதுவாக அரிப்பது. அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் புயல் கொண்டுபோனதைவிட அதிகமாக இது கொண்டுபோகிறது.

1930களில் ஹார்ன்பி, மார்க்லின் போன்ற கம்பெனிகள் துத்தநாகக் கலவையில் வார்த்த சில சக்கரங்களும் உடல்களும் தானாகவே விரிசல் விட்டு, வீங்கி, பிஸ்கட் மாதிரி பொடிந்துபோகின்றன. வார்ப்பில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்ததுதான் காரணம். ஈரமும் வெப்பமும் அதை வேகப்படுத்தும். மருந்து கிடையாது. விரிசல் கண்ட வார்ப்பை எடுத்துவிட்டு வேறு பொருத்துவதுதான் வழி.

நம் வீடுகளில் பெட்டிக்குள் எதை வைத்தாலும் நாலு பாச்சா உருண்டை போட்டு மூடுவது வழக்கம். களிமண் பொம்மைக்கும் பீங்கானுக்கும் அதனால் கேடில்லை. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் செய்த ரயில் பெட்டிக்கு அந்த உருண்டையில் உள்ள நாப்தலீன் விஷம். மேற்பரப்பு இளகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அட்டைப்பெட்டியோடு வரும் ஸ்பாஞ்சை எடுத்துத் தூர வையுங்கள். நம் ஊர் வெயிலில் அது சில வருஷங்களில் பிசினாகிப் பெயிண்டைப் பிடித்து இழுக்கும். நான் துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றுகிறேன். கஞ்சி போட்ட துணி வேண்டாம், பூச்சி வரும். பேட்டரி போடுகிற வண்டியானால் ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். டிரான்ஸ்பார்மரை சுவிட்ச்சில் அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். மொட்டைமாடி அறை வேண்டவே வேண்டாம். தரைத்தளத்தில் தரையிலும் வேண்டாம். மணிமுத்தாறு கரை தாண்டிய நாட்களை இங்கே இருக்கிற பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இடுப்பு உயரத்துக்கு மேல், உள்சுவர்ப் பக்கம், வெயில் படாத அலமாரி.

பணம் வந்தாலும் ஈடாகாத இழப்பும் உண்டு. 2019 மே மாதம் இங்கிலாந்தில் ஸ்டாம்போர்ட் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாடல் ரயில் கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. திறப்பதற்கு முந்தைய இரவு இளவட்டங்கள் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் உடைத்து மிதித்துவிட்டார்கள். மார்க்கெட் டீப்பிங் என்ற ஊர்ச் சங்கத்தார் வருஷக்கணக்கில் செய்தவை அவை. பாடகர் ராட் ஸ்டூவர்ட் 10,000 பவுண்டு கொடுத்தார், அவரும் மாடல் ரயில் செய்கிறவர். பொதுமக்கள் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் அனுப்பினார்கள். காசு குறைவின்றி வந்தது. அந்தச் சங்கத்து வயதானவர்கள் அழுதது காசுக்காக இல்லை. எழுபது வயதில் இழந்த இருபது வருஷ உழைப்பை மறுபடி தொடங்க ஆயுள் வேண்டுமே.

ஆயுள் என்றதும் நான் சொல்லத் தயங்குகிற இடத்துக்கு வந்துவிட்டேன். சேகரிப்புகளை அழிப்பதில் புயலுக்கும் திருடனுக்கும் முன்னால் நிற்பது சேகரித்தவரின் சாவு. ஒருவர் போன பதினாறாம் நாள் அறையைக் காலி செய்வார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்குத் தெரியாது. பித்தளை ஒரு மூட்டை, தகரம் ஒரு மூட்டை என்று காயலான் கடைக்குப் போகும். என்னோடு வேலை பார்த்த ஒருவருடைய கைவிளக்குகளும் டிக்கெட் தேதி அச்சு இயந்திரமும் அப்படி எடை போட்டுப் போனதை நான் பார்த்தேன். மீட்டர்கேஜ் பாதை இந்தப் பக்கம் இனி வராது. வண்டிகளை உடைத்து உருக்கிவிட்டார்கள். ஒரு பிரேக் வேனின் பின்மேடையில் கார்டு எப்படி நின்றார், விளக்கு எந்தக் கொக்கியில் தொங்கியது என்பதைக் காட்ட இனி இந்தச் சிறு பொருட்கள்தான் மிச்சம்.

புனேயில் கோத்ரூட் பகுதியில் ஜோஷி என்பவருடைய மினியேச்சர் ரயில்வே மியூசியம் இருக்கிறது. பாவுசாகேப் ஜோஷி வாழ்நாளெல்லாம் செய்து சேர்த்ததை 1998ல் நிலையான காட்சிக்கூடமாக அமைத்தார். அவருக்குப் பிறகும் குடும்பம் நடத்துகிறது, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். எல்லோராலும் மியூசியம் கட்ட முடியாது. பதிவேட்டில் இன்னொரு பத்தி சேர்க்க எல்லோராலும் முடியும்: எனக்குப் பிறகு இது யாருக்கு. பேங்க் கணக்குக்கு நாமினி போடுகிறோம், இதற்கும் போடுவோம். போட்டதை அவரிடம் சொல்லியும் வையுங்கள். உயிலில் ஒரு வரி சேர்த்தால் இன்னும் உறுதி.

செராமிக் காலேஜிலிருந்து இங்கே வந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு விண்ணப்பம். இந்த ஊர்ச் சூளைகளில் வெந்த பொம்மைகள் நவராத்திரிக்கு எத்தனையோ ஊர்களுக்குப் போயிருக்கின்றன. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எந்த அச்சில் வார்த்தார்கள், என்ன மெருகு பூசினார்கள் என்பது பழைய தொழிலாளர்களின் கையில் மட்டும் இருக்கிறது. உங்கள் போனில் காமிரா இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருத்தெருவாகப் போய்ப் பழைய பொம்மைகளின் அடிப்பாகத்தைப் படம் எடுங்கள். செய்தவர் உயிரோடு இருந்தால் அவர் பக்கத்தில் வைத்து எடுங்கள். நகலை வேறு ஊரில் வையுங்கள்.

பதிவேட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், மேஜைமேல் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் புரட்டிப் பார்க்கலாம். முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு உட்காருகிறேன்.

"எண் 1. ஒய்.பி. நீராவி எஞ்சின், மீட்டர்கேஜ். எண்ணெய் டின் தகரம், பித்தளை. சொந்தமாகச் செய்தது, 1979, ஐந்து மாதம். முன்பக்க நடுக் கப்ளிங் 2011 புயலில் உடைந்தது, மாற்றவில்லை. டெண்டரின் அடியில் இடது ஓரத்தில் ஈயம் வழிந்த தடம் உண்டு. படம் 5. இருக்கும் இடம்: நடு அறை அலமாரி, இரண்டாம் தட்டு. எனக்குப் பிறகு: மகளுக்கு. அவளிடம் சொல்லியாயிற்று."